முன்னர் எவரும் பெறாத பெயர்: யஹ்யா



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் என்னிடம் வந்து அமர்ந்தார். திருமணமாகிப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்திருந்தது. மறுநாள் அகீகா. "ஹஜ்ரத்! எங்கள் பிள்ளைக்கு இந்த ஊரில் யாருக்கும் இல்லாத பெயராக ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டார். உடன் வந்திருந்த அவருடைய தாயாரோ பள்ளிவாசல் வாயிலுக்கு வெளியே நின்றபடி, "தலைப்பிள்ளைக்கு இவனுடைய வாப்பா பெயரைத்தான் வைக்க வேண்டும், ஹஜ்ரத். எங்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்றார். மகனுக்கு ஒரு விருப்பம், தாய்க்கு ஒரு விருப்பம். இஷாவுக்குப் பின் பதில் சொல்வதாகக் கூறி இருவரையும் அனுப்பி வைத்தேன்.

அவர்கள் சென்ற பின் என் நினைவுக்கு வந்தது, திருமறையில் ஐந்து இடங்களில் வருகின்ற ஒரு பெயர். யாருக்கும் இல்லாத பெயர் என்று அல்லாஹ்வே சிறப்பித்த பெயர் அது ஒன்றே. அந்தப் பெயரின் வரலாற்றில் பிள்ளையில்லாத முதிய பெற்றோரின் கண்ணீர் உண்டு. உறவினர்களின் மறுப்பும் உண்டு. ஓர் அரிய பெயர் உலகெங்கும் பரவிய செய்தியும் உண்டு. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதியவரின் இறைஞ்சல்

பைத்துல் முகத்தஸின் பணியாளராகவும் இறைத்தூதராகவும் விளங்கிய ஸக்கரிய்யா (அலை) அவர்கள், அன்னை மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பை ஏற்றிருந்தார்கள். மர்யமின் மிஹ்ராபுக்குள் அவர்கள் நுழையும்போதெல்லாம் அங்கே உணவு இருப்பதைக் கண்டார்கள். அது எங்கிருந்து வந்தது என வினவியபோது, அல்லாஹ்விடமிருந்து வந்தது என்று அந்தச் சிறுமி பதிலளித்தார். கோடையின் கனி குளிர்காலத்திலும், குளிர்காலத்தின் கனி கோடையிலும் இருந்ததாக விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். பருவம் தவறிய கனியைத் தருகின்ற இறைவன் பருவம் தவறிய பிள்ளையையும் தர வல்லவன் என்ற எண்ணம் அந்த முதியவரின் உள்ளத்தில் எழுந்தது. அவ்விடத்திலேயே அவர்கள் கையேந்தினார்கள் என்று ஆலு இம்ரான் அத்தியாயம் கூறுகிறது.

மர்யம் அத்தியாயத்தின் தொடக்கமே அந்த துஆதான். எலும்புகள் தளர்ந்து, தலை நரைத்து, மனைவியும் மலடியாக இருந்த நிலையில், பிறர் செவியில் விழாத மெல்லிய குரலில் அவர்கள் தம் இறைவனை அழைத்தார்கள். பதில் உடனே வந்தது. ஓர் ஆண்மகனைப் பற்றிய நற்செய்தியும் அவன் பெயர் யஹ்யா என்பதும் சேர்ந்தே வந்தன. இந்தப் பெயரில் இதற்கு முன் எவரையும் தான் ஆக்கியதில்லை என்றும் அல்லாஹ் அறிவித்தான் (19:7).

சகோதரர்களே! பிள்ளை பிறந்த பின் பெயர் தேடுவது நம் வழக்கம். இங்கே கருவில் உருவாகும் முன்பே பெயர் இறங்கிவிட்டது. பெற்றோருக்குத் தேடும் சிரமமும் இல்லை. உறவினருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. பெயரும் பிள்ளையும் ஒரே கொடையாக வந்தன.

கிறிஸ்தவர்களின் லூக்கா சுவிசேஷத்திலும் இந்தப் பெயர் குறித்து ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டுள்ளது. குழந்தையின் எட்டாம் நாளில் கூடிய உறவினர்கள் தந்தையின் பெயரையே சூட்ட விரும்பினார்களாம். தாய் அதை மறுத்தபோது, உங்கள் உறவினரில் எவருக்கும் அப்படி ஒரு பெயர் இல்லையே என்று ஆட்சேபித்தார்களாம். பேச இயலாதிருந்த தந்தை ஓர் எழுதுபலகையைக் கேட்டு வாங்கி, பிள்ளையின் பெயரை அதில் எழுதிக் காட்டினாராம். தந்தை பேசாதிருந்ததைக் குர்ஆனும் குறிப்பிடுகிறது. அது தண்டனையாக அன்று, அவர் கேட்டுப் பெற்ற அத்தாட்சியாக, மூன்று நாள்கள் மட்டும் நிகழ்ந்தது. பெயர் சூட்டும் வீட்டில் கருத்து வேறுபாடு எழுவது எவ்வளவு பழமையானது என்பதை எண்ணிப் பாருங்கள்!

'ஸமிய்யா' என்னும் சொல்

அந்த வசனத்தில் 'ஸமிய்யா' என்றொரு சொல் வருகிறது. இதற்குப் பெயரில் ஒத்தவர் என்றும், தன்மையில் ஒத்தவர் என்றும் இரு பொருள் உண்டு. இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் தம் விரிவுரையில் முன்னோரின் கருத்துகள் பலவற்றைத் தொகுத்துத் தருகிறார்கள். மலடியாக இருந்த பெண்கள் இவரைப் போன்ற ஒரு பிள்ளையை ஒருபோதும் பெற்றதில்லை என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தந்த விளக்கம். இவருக்கு நிகரானவர் இல்லை என்பது முஜாஹித் (ரஹ்) அவர்களின் கருத்து. யஹ்யா என்ற பெயர் இவருக்கு முன் எவருக்கும் வைக்கப்படவில்லை என்பது கதாதா (ரஹ்) அவர்களின் கூற்று. இமாம் தபரீ அவர்கள் இக்கடைசிக் கருத்தையே ஏற்கிறார்கள். இதே சொல் இதே அத்தியாயத்தின் 65-ஆம் வசனத்தில் அல்லாஹ்வைக் குறித்து வருகிறது. அவனுக்கு நிகரான எவரையேனும் நீர் அறிவீரா என்பது அங்கு எழுப்பப்படும் கேள்வியின் கருத்து.

பிற்காலத்தில் சிலர் இங்கே ஓர் ஐயத்தைக் கிளப்பினர். யூதர்களிடையே யோஹனான் என்ற பெயர் முன்னரே வழக்கில் இருந்ததே, கி.மு. 134 முதல் 104 வரை யூதர்களை ஆண்ட ஒருவருக்கும் அப்பெயர்தானே என்று வினவினர். குர்ஆன் கூறுவது யஹ்யா என்ற பெயரைத்தான். அந்த வடிவில் அப்பெயரை அவருக்கு முன் தாங்கியவர் இல்லை. 'ஸமிய்யா' என்பதற்கு நிகரானவர் என்று பொருள் கொண்டாலோ இந்தக் கேள்விக்கே இடமில்லை. நம் முன்னோர்கள் இவ்விரு வழிகளையும் முதல் இரு நூற்றாண்டுகளிலேயே எடுத்துரைத்துவிட்டார்கள்.

பெயரின் வேரும் பொருளும்

யஹ்யா என்பது அரபுச் சொல்லா, வேற்றுமொழிச் சொல்லா? இலக்கண அறிஞர்கள் இரண்டையும் கூறுகின்றனர். ஹிஜ்ரி 538-இல் மறைந்த ஸமக்ஷரீ தம் கஷ்ஷாஃப் என்ற விரிவுரையில், இது மூஸா, ஈஸா என்பவற்றைப் போன்ற அஜமீப் பெயராகவும் இருக்கலாம், அல்லது வினைச்சொல் வடிவில் அமைந்த அரபுப் பெயராகவும் இருக்கலாம் என்கிறார். அரபுகளிடையே யஸீத், யஃமர் போன்ற பெயர்கள் வினைவடிவில் அமைந்தவையே. அவ்வாறு கொண்டால் 'வாழ்கிறார்' அல்லது 'வாழ்வார்' என்பது யஹ்யாவின் பொருளாகும். ஹயாத் என்று நாம் வழங்குகின்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

ஏன் இந்தப் பெயர்? ஈமானைக் கொண்டு அல்லாஹ் அவரை உயிர்ப்பித்தான் என்றனர் சிலர். தாயின் மலட்டுக் கருவறையை அவரைக் கொண்டு உயிர்ப்பித்தான் என்றனர் வேறு சிலர். அவர் கொலையுண்டு ஷஹீதாவார், ஷஹீதுகளோ தம் இறைவனிடம் உயிரோடு இருப்பவர்கள், ஆகவே இப்பெயர் என்றும் சிலர் விளக்கினர்.

எபிரேய மொழியில் இவருடைய பெயர் யோஹனான் என வழங்குகிறது. இறைவன் அருள் புரிந்தான் என்பது அதன் பொருள். அதில் உள்ள 'ஹனன்' என்ற வேருக்கு அருள், இரக்கம் என்ற கருத்து. இப்போது மர்யம் அத்தியாயத்தின் 13-ஆம் வசனத்தைப் பாருங்கள். யஹ்யாவுக்குத் தன்னிடமிருந்து வழங்கியவற்றை எண்ணும்போது, 'ஹனான்' என்ற சொல்லையே அல்லாஹ் முதலில் பயன்படுத்துகிறான். இரக்கம், கனிந்த பரிவு என்பது அதன் பொருள். குர்ஆன் முழுவதிலும் 'ஹனான்' என்ற சொல் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. எபிரேயப் பெயரில் பொதிந்துள்ள பொருளும் அரபுப் பெயரின் பொருளும் இவ்வாறு ஒரே வரலாற்றில் இணைந்து நிற்கின்றன. எழுதப் படிக்க அறியாத நபியவர்களின் நாவில் இறங்கிய வேதத்தின் நுட்பம் இது.

ஆரம்ப கால அரபு எழுத்துகளுக்குப் புள்ளிகள் இடப்படாததால், புள்ளியின்றி எழுதினால் யஹ்யாவும் யுஹன்னாவும் ஏறக்குறைய ஒரே வடிவில் தோன்றும் என்றும், அதனால் ஒன்று மற்றொன்றாக வாசிக்கப்பட்டிருக்கலாம் என்றும் மேலை நாட்டு ஆய்வாளர் சிலர் கருதினர். திருமறை ஏட்டைப் பார்த்து மட்டும் கற்கப்பட்ட நூல் அன்று. நாவிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து உள்ளத்திற்குமாகத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்பட்டது. காரிகள் அனைவரும் யஹ்யா என்றே ஓதி வந்துள்ளனர்.

மதீனாவில் ஒரு குழந்தை

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரேபியாவில் இப்பெயர் மிக அரிதாகவே இருந்தது. அன்ஸாரிகளில் கல்லாத் பின் ராஃபிஃ (ரலி) அவர்களுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. அதனை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். பெருமானார் அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் வாயில் தடவினார்கள். யஹ்யா பின் ஸக்கரிய்யாவுக்குப் பின் எவருக்கும் சூட்டப்படாத ஒரு பெயரை இவருக்குச் சூட்டுவேன் என்ற கருத்தில் கூறி, யஹ்யா என்று பெயரிட்டார்கள். நபித்தோழர்களின் வாழ்க்கை வரலாற்று நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இந்த நிகழ்ச்சியில் நமக்குப் பாடம் இருக்கிறது. எவருக்கும் இல்லாத பெயரை விரும்புவதே தவறு என்று சொல்வதற்கில்லை. நபி (ஸல்) அவர்களே அவ்வாறு ஒரு பெயரைத் தேர்ந்தார்கள். ஆனால் அவர்கள் அதைத் தேடிய இடம் எது? அல்லாஹ் உவந்து சூட்டிய பெயர்களுக்கிடையே தேடினார்கள். காதுக்குப் புதிதாக ஒலிக்கிறது என்பதற்காக மட்டும், பொருள் அறியாத ஒரு சொல்லை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

குராஸானின் கண்ணீர்

ஓர் அரிய பெயர் எவ்வாறு பரவுகிறது என்பதற்கு வரலாற்றில் உருக்கமான ஒரு சான்று உள்ளது. இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் கொள்ளுப்பேரரான யஹ்யா பின் ஸைத் அவர்கள் உமய்யா ஆட்சியினரை எதிர்த்து நின்று, ஹிஜ்ரி 125-இல் (கி.பி. 743) குராஸானின் ஜூஸ்ஜான் பகுதியில் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய தந்தை ஸைத் பின் அலீ (ரஹ்) அவர்களும் அதற்கு முன் கூஃபாவில் கொல்லப்பட்டிருந்தார்கள். மக்களின் துயரம் கரை கடந்தது. அந்த ஆண்டில் குராஸானில் பிறந்த ஆண்குழந்தை ஒவ்வொன்றுக்கும் யஹ்யா என்றோ ஸைத் என்றோதான் பெயரிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ எழுதுகிறார். ஆட்சியாளரின் வாள் ஒரு யஹ்யாவை வீழ்த்தியது. தாய்மார்களின் தொட்டில்களில் எண்ணற்ற யஹ்யாக்கள் எழுந்தார்கள். அதன் பின் ஏழு ஆண்டுகளுக்குள், ஹிஜ்ரி 132-இல், உமய்யா ஆட்சி வீழ்ந்தது. அதை வீழ்த்திய படை குராஸானிலிருந்தே புறப்பட்டது.

ஹதீஸ் கலையில் யஹ்யாக்கள்

ஹதீஸ் கலை வளர்ந்த நூற்றாண்டுகளில் இப்பெயர் எங்கும் ஒளி வீசக் காண்கிறோம். ஸஹீஹுல் புகாரியைத் திறந்தால் முதலில் நிற்பது, செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்று உணர்த்தும் நபிமொழி. அதன் அறிவிப்பாளர் தொடரில் யஹ்யா பின் ஸயீத் அல்அன்ஸாரீ (ரஹ்) இடம் பெறுகிறார்கள். மதீனாவின் மார்க்க மேதையான இவர்கள் வழியாகவே அந்த நபிமொழி உலகெங்கும் பரவியது. ஸஹீஹ் முஸ்லிமில் ஈமான் பற்றிய பகுதியின் முதல் நபிமொழி, ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து கேள்வி கேட்ட நிகழ்ச்சி. அதை இப்னு உமர் (ரலி) அவர்களிடம் நேரில் கேட்டு அறிவிப்பவர் யஹ்யா பின் யஃமர் (ரஹ்). குர்ஆன் பிரதிக்கு முதன்முதலில் புள்ளியிட்டவர் இவரே என்றும் ஓர் அறிவிப்பு உண்டு.

பஸராவில் யஹ்யா பின் ஸயீத் அல்கத்தான் (ரஹ்) அவர்கள் வாழ்ந்தார்கள். ஹிஜ்ரி 198-இல் மறைந்த இவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளியின் மினாரா அடியில் சாய்ந்து அமர்வார்கள். இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்) போன்ற மேதைகள் மரியாதையின் காரணமாக அமராமல், நின்றபடியே அவர்களிடம் ஹதீஸ்களைக் கேட்பார்களாம். அவ்வாறு நின்றவர்களில் ஒருவர் பக்தாதைச் சேர்ந்த யஹ்யா பின் மயீன் (ரஹ்). தந்தை விட்டுச் சென்ற பத்து இலட்சம் திர்ஹங்களுக்கும் மேற்பட்ட செல்வத்தை ஹதீஸ் தேடலிலேயே செலவிட்டு, இறுதியில் அணியச் செருப்பும் இல்லாத நிலையை அடைந்தார்கள் என்று நூல்கள் கூறுகின்றன. ஹிஜ்ரி 233-இல் மதீனாவில் மறைந்தார்கள்.

ஸ்பெயினின் குர்துபாவிலிருந்து இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் கற்க வந்த யஹ்யா பின் யஹ்யா அல்லைஸீ (ரஹ்) அவர்களின் செய்தி நீங்கள் கேட்டிருக்கக் கூடும். மதீனாவுக்குள் யானை வந்துவிட்டது என்ற குரல் கேட்டதும் மாணவர்கள் அனைவரும் எழுந்து ஓடினர். இவர் மட்டும் அமர்ந்திருந்தார். உங்கள் நாட்டில் யானை இல்லையே, நீர் ஏன் போகவில்லை என்று இமாமவர்கள் வினவ, நான் உங்களிடம் கற்க வந்தேனே அன்றி யானையைக் காண வரவில்லை என்ற கருத்தில் பதிலளித்தார். இன்று உலகெங்கும் பெரிதும் அச்சிடப்படும் முவத்தா இவர் அறிவித்த பிரதியே. ஹிஜ்ரி 234-இல் இவர் மறைந்தார். நைஸாபூரில் இதே பெயரும் இதே தந்தை பெயரும் கொண்ட இன்னொரு யஹ்யா பின் யஹ்யா (ரஹ்) இருந்தார்கள். அவர்கள் இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் ஆசிரியர்.

நாம் அறிந்தும் அறியாத ஒரு யஹ்யா

நம் மதரஸாக்களில் ரியாளுஸ் ஸாலிஹீன் ஓதப்படாத இடம் உண்டா? நாற்பது நபிமொழித் தொகுப்பை அறியாத மாணவர் உண்டா? ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களில் மின்ஹாஜ் என்ற ஃபிக்ஹு நூலுக்கு உள்ள மதிப்பை நாம் அறிவோம். இவற்றை இயற்றிய இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் இயற்பெயர் என்னவென்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவர். நவவீ என்பது ஸிரியாவில் உள்ள நவா என்ற அவர்களின் ஊரைக் குறிக்கிறது. முஹ்யித்தீன் என்பது மக்கள் அளித்த பட்டம். தம்மை அவ்வாறு அழைப்பதை அவர்கள் விரும்பவில்லை. இயற்பெயர் யஹ்யா பின் ஷரஃப்.

ஹிஜ்ரி 631-இல் பிறந்து 676-இல் மறைந்த அவர்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை இல்லாதபோதும் அவர்களுடைய குன்யத் 'அபூ ஸக்கரிய்யா', அதாவது ஸக்கரிய்யாவின் தந்தை. யஹ்யா என்று பெயர் பெற்றவர்களை அபூ ஸக்கரிய்யா என்று அழைப்பது அக்கால மரபு. யஹ்யா பின் மயீன் அவர்களும் அபூ ஸக்கரிய்யாதான். ஸக்கரிய்யாவின் மகன் யஹ்யா. பின்வந்த யஹ்யாக்களோ ஸக்கரிய்யாவின் தந்தையர்! கேட்டுப் பெற்ற மகனின் பெயரைச் சொல்லும்போது, கேட்ட தந்தையின் பெயரும் மறக்கப்படலாகாது என்று அந்த மரபு காத்து வந்தது போலும்.

பிற சமயத்தாரிடையே

இப்பெயர் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. பக்தாதில் வாழ்ந்து கி.பி. 974-இல் மறைந்த தத்துவ அறிஞர் யஹ்யா பின் அதீ கிறிஸ்தவர். அவரும் அபூ ஸக்கரிய்யா என்றே அழைக்கப்பட்டார். ஏமன் நாட்டு யூதர்களிடையேயும் யஹ்யா என்ற பெயர் வழங்கி வந்தது. ஸன்ஆவில் 1931-இல் மறைந்த யூத மத அறிஞர் யஹ்யா காஃபிஹ் அவர்களில் ஒருவர். ஈராக்கின் தென்பகுதியிலும் ஈரானின் கூஸிஸ்தானிலும் ஆற்றங்கரைகளில் வாழ்ந்து வந்த மந்தேயர் என்ற சிறு சமூகத்தார் யஹ்யா (அலை) அவர்களையே தங்கள் பெரும் நபியாகக் கொண்டாடுகின்றனர். 2003-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அவர்களில் பெரும்பாலோர் ஈராக்கை விட்டு வெளியேறினர்.

எபிரேயப் பெயரின் வழியாகக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் புகுந்த வடிவம் ஐரோப்பாவில் ஜான், ழான், ஹுவான், ஜொவான்னி, இவான், ஹான்ஸ் எனப் பலவாறு திரிந்து, மிக அதிகமாக வழங்கும் பெயர்களுள் ஒன்றாயிற்று. நம் தமிழகத்துக் கத்தோலிக்கர்களோ அந்தப் பெயரின் பொருளையே மொழிபெயர்த்து 'அருளப்பர்' என்று வழங்கினர். 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் டி பிரிட்டோ என்ற பாதிரியார் 'அருளானந்தர்' என அழைக்கப்பட்டதும் அந்தப் பொருளைக் கொண்டே. ஹனான் என்ற சொல்லுக்கு அருள் என்ற தமிழ்ச் சொல் எவ்வளவு பொருத்தமானது!

திமஷ்கின் உமவீ பள்ளிவாசலுக்குள் யஹ்யா (அலை) அவர்களின் சிரம் அடங்கியதாகக் கருதப்படும் இடம் உள்ளது. கலீஃபா வலீத் அப்பள்ளியை எழுப்பும் முன் அங்கு இருந்தது அவர்கள் பெயரால் அமைந்த தேவாலயம். 2001-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் போப் இரண்டாம் ஜான் பால் அப்பள்ளிவாசலுக்கு வந்து அந்த இடத்தின் அருகே நின்றார். போப் ஒருவர் பள்ளிவாசலுக்குள் நுழைந்தது அதுவே முதன்முறை. வந்தவரின் பெயரும் அங்கு நினைவு கூரப்படுபவரின் பெயரும் ஒன்றே.

பெயர் மட்டும் காக்குமா?

சகோதரர்களே! இவ்வளவு சிறப்பான பெயரைச் சூட்டிவிட்டால் போதுமா? போதாது என்பதற்கும் வரலாறே சாட்சி. 1969 முதல் 1971 வரை பாகிஸ்தானை ஆண்ட இராணுவத் தலைவரின் பெயர் யஹ்யா கான். 1971 மார்ச் 25-ஆம் நாள் இரவு கிழக்குப் பாகிஸ்தானில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையில் எண்ணற்ற அப்பாவிகள் உயிரிழந்தனர். நம் நாட்டு மக்கள் பலர் இப்பெயரை முதன்முதலாக அந்த ஆண்டின் நாளேடுகளில்தான் பார்த்தார்கள். யஹ்யா (அலை) அவர்களை அல்லாஹ் புகழும்போது, பெற்றோருக்கு நன்மை செய்பவர் என்றும், அடக்குமுறையாளராகவோ மாறு செய்பவராகவோ இருக்கவில்லை என்றும் குறிப்பிடுகிறான் (19:14). ஆட்சி செய்தவரின் பெயரில் யஹ்யா இருந்தது. அந்த வசனம் அவருடைய ஆட்சியில் இல்லை.

யஹ்யா (அலை) அவர்களோ ஆட்சியாளனின் முறைகேடான திருமணத்தை மார்க்கத்தில் ஆகாது என்று துணிந்து கூறியதால் கொல்லப்பட்டார்கள் என்று நம் வரலாற்று நூல்கள் உரைக்கின்றன. அவர்கள் ஏரோது என்ற ஆட்சியாளனால் கொல்லப்பட்டதை முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸும் பதிவு செய்துள்ளார். வாழ்வார் என்று பெயர் பெற்றவர் இளமையிலேயே கொல்லப்பட்டார். ஆயினும் மிஃராஜ் இரவில் நபி (ஸல்) அவர்கள் இரண்டாம் வானத்தில் அவரையும் ஈஸா (அலை) அவர்களையும் சந்தித்து ஸலாம் கூறினார்கள். அவர் பிறந்த நாளிலும், இறக்கும் நாளிலும், உயிருடன் எழுப்பப்படும் நாளிலும் அவர் மீது ஸலாம் உண்டென்று குர்ஆன் அறிவிக்கிறது. பெயருக்கேற்ப அவர் வாழ்கிறார், கொன்றவன் மறைந்தான்.

இஷாவுக்குப் பின்

அன்று இஷாவுக்குப் பின் அந்தச் சகோதரரும் அவருடைய தாயாரும் மீண்டும் வந்தார்கள். இருவர் விருப்பத்திற்கும் மார்க்கத்தில் இடமுண்டு என்று முதலில் கூறினேன். நபி (ஸல்) அவர்கள் தமக்கு மகன் பிறந்த இரவிலேயே, தம் முன்னோரான இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரை அவருக்குச் சூட்டினார்கள். ஆகவே முன்னோர் பெயரை வைப்பது அழகிய வழக்கமே. கல்லாத் (ரலி) அவர்களின் மகனுக்கோ எவருக்கும் இல்லாத பெயரைச் சூட்டினார்கள். இரண்டிலும் பெருமானார் பார்த்தது பொருளையும், அப்பெயரைத் தாங்கியவரின் வாழ்வையும்தான். ஸயீத் பின் முஸய்யப் (ரஹ்) அவர்களின் பாட்டனாருக்குக் கரடுமுரடு என்று பொருள்படும் 'ஹஸ்ன்' என்ற பெயர் இருந்தது. அதனை மென்மை என்ற பொருளில் 'ஸஹ்ல்' என்று மாற்றிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். தந்தை வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அதன் பின் எங்கள் குடும்பத்தில் அந்தக் கடுமை நீங்கவே இல்லை என்று பேரரான ஸயீத் அவர்கள் வருந்திக் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. பாட்டனார் பெயர் நற்பொருள் கொண்டதாயின் தாராளமாக வையுங்கள் என்று கூறிவிட்டு, யஹ்யா என்ற பெயரின் வரலாற்றையும் எடுத்துச் சொன்னேன்.

சகோதரர் சற்று நேரம் தலைகுனிந்திருந்தார். பின்பு, "ஹஜ்ரத்! என் மனைவி பதின்மூன்று வருடமாக ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஸக்கரிய்யா நபியின் துஆவைத்தான் ஓதி வந்தாள்" என்றார். தம்மைத் தனியாக விட்டுவிட வேண்டாம் என்று அந்த நபி கேட்ட துஆ அது (21:89). இந்தச் செய்தி அவருடைய தாயாருக்கு அதுவரை தெரியாது. அந்த அம்மையாரின் கண்கள் கலங்கிவிட்டன. "அப்படியானால் அவள் கேட்ட பிள்ளைக்கு அந்தப் பேரையே வைத்துவிடு, வாப்பா. உன் வாப்பா பேரை அடுத்த பிள்ளைக்கு வைத்துக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்" என்றார்.

மறுநாள் அகீகாவில் அப்பிள்ளைக்கு யஹ்யா என்று பெயர் சூட்டப்பட்டது. பாட்டியின் நாவுக்கு அது வசப்படவில்லை. 'எஹியா' என்றுதான் இன்றும் அழைக்கிறார். அவன் ஓதும் மக்தபில் அந்தப் பெயர் கொண்டவன் அவன் ஒருவனே. நாளை அதே பெயரில் இன்னும் பத்துப் பிள்ளைகள் வரலாம். அதனால் அவன் பெயருக்குக் குறைவொன்றும் இல்லை. இளமையிலேயே ஞானம், இரக்கம், தூய்மை, பெற்றோருக்குப் பணிவு, அநீதியின் முன் அஞ்சாமை ஆகிய குணங்கள்தாம் யஹ்யா (அலை) அவர்களை நிகரற்றவராக்கின. அவை இன்றும் அரியவையே. அந்தப் பிள்ளை அவற்றைப் பெறுவதற்காக அவனுக்கும் அவன் பெற்றோருக்கும் நாம் துஆச் செய்வோம்.

பிள்ளைப் பேறின்றி ஏங்கும் இல்லங்களுக்கு அல்லாஹ் ஸாலிஹான மக்களை வழங்குவானாக! நம் பிள்ளைகளுக்கு நல்ல பெயர்களைச் சூட்டவும், அப்பெயர்களின் பொருளுக்கேற்ப அவர்களை வளர்க்கவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.